விளக்கு சாய்கிறது

அடுப்படிவிளை, கீழ்வீடு
ஜூன் 11

இல்லை அக்கா, அப்பா வரமாட்டார். நீ கேட்கச் சொன்ன அன்றே கேட்டுவிட்டேன். காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. மறுநாள் சுவரைத் தடவிக்கொண்டே சொன்னார்: "மாடியில போய் நான் என்னளா செய்யட்டும்? அங்கன காத்து எல்லாப் பக்கமும் வருமாம். எந்தப் பக்கம் தலை வச்சிப் படுக்க?"

முதலில் நலம் விசாரித்திருக்க வேண்டும். நீயும் சிவபாலன் அத்தானும் உன் மாமியார் அருணாசலவடிவு அத்தையும் சுகமா? தூத்துக்குடி வெயில் ஒத்துக்கொண்டதா? கிணறு இனிக்கிறதா? மாடி வீட்டுக்குக் கிணறு கிடையாது என்று தெரியும். கேட்காமல் கடிதம் எழுத வரவில்லை.

போன வாரம் நெட்டையர் ஒருவர் வந்தார். கையில் அளவு நாடா, தலையில் மஞ்சள் தொப்பி. உன் வீட்டைச் சுற்றி அளந்துவிட்டு எங்கள் குகை வாயிலும் வந்து குனிந்தார். உள்ளே வர முதுகு வளையவில்லை. வெளியே நின்றே கேட்டார்.

"இதுக்குள்ள ஆள் இருக்கா?"

"இருக்கோம்."

"குள்ளங்க எல்லாம் மலைப்பக்கம்லா இருப்பாங்க?"

"நாங்க தேரிக் குள்ளர். செம்மணலுக்கு அடியில இருக்கவங்க."

"இவ்வளவு ஆழத்துல மூச்சு முட்டாதா?"

சொன்னேன். எங்கள் தலைக்கு மேல் வீடு கட்டியிருக்கும் அரையாட்கள், உங்கள் ஜனம், அடுப்பு மூட்டினால் சூடு மேலே ஏறும். ஏறும்போது காற்றுத்துளை வழியாகக் கீழே இருக்கிற பழைய காற்றை இழுத்துக்கொண்டு போகும். அந்த இடத்துக்குக் குகை வாயிலிருந்து புதுக் காற்று ஓடி வரும். அதனால்தான் ஒவ்வொரு கீழ்வீடும் ஒரு மேல்வீட்டு அடுப்புக்கு நேர் அடியில் வெட்டியிருக்கிறது. எங்கள் தெருக்கள் பாறையின் போக்கில் போகவில்லை, உங்கள் சமையலறைகளின் வரிசையில் போகின்றன. பதிலுக்கு நாங்கள் பாறைக்குள் நல்ல தண்ணீர் தேடி மேல்வீட்டுக் கிணற்றுக்குத் திருப்பிவிடுகிறோம். மேலே அடுப்பு எரிகிறதா என்று விளக்கைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம். எரிந்தால் சுடர் துளைப் பக்கம் சாயும்.

அவர் யோசித்தார். "அவங்க சமைக்கலேன்னா?"

சிரித்துவிட்டேன். ஒன்றை இறக்கும் முன்பே அடுத்ததை ஏற்றுகிறவர்கள் அரையாட்கள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. யார் அனுப்பினார்கள் என்று கேட்டேன். "ஆபீஸ்" என்றார். உனக்குத் தெரிந்த ஆபீஸா?

மேலே உன் வீட்டில் தனியாக இருக்கும் செந்தூர்வேல் மாமா நன்றாக இருக்கிறார். நீ போன பின்பும் உன் அடுப்பை அணையவிடவில்லை. அப்பா உன்னைக் கேட்டார்.

விளக்கு சாய்கிறது.

உன் தங்கை
ஈவாஞ்சலின்


முத்தையாபுரம், தூத்துக்குடி
ஜூன் 29

என் ஈவாவுக்கு,

விளக்கு சாய்கிறதா? சித்தப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது? பனங்கற்கண்டு போட்டுப் பால் காய்ச்சிக் கொடுக்கச் சொல்லி மாமாவிடம் சொல்லியிருந்தேன், கொடுத்தாரா? நாங்கள் எல்லோரும் சுகம். கிணறு இனிக்கிறது.

இந்த ஊர் ஒத்துக்கொண்டதா என்று கேட்டிருந்தாய். மூன்றாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்து நிலக்கரித் தூள் வந்து கட்டிலில் உட்காருகிறது. துடைத்துத் துடைத்து என் துணியெல்லாம் கறுப்பு. அடுப்பு மேடை நெட்டையர் உயரத்துக்குக் கட்டியது. ஸ்டூல் போட்டு ஏறி நின்று சமைக்கிறேன். எதிர்வீட்டு ஷெர்லி வாசலில் நின்று மூக்கை உறிஞ்சுவாள். "இப்பதானக்கா தாளிச்சீங்க? அதுக்குள்ள என்ன வறுக்கீங்க? ரெண்டு மூணு சின்ன ஆளுக்கு இம்புட்டா?" என்பாள். நிறுத்த முடியவில்லை. சமைத்ததை எதிர்வீடு, கீழ்மாடி, வாட்ச்மேன் என்று கொடுத்துவிடுகிறேன்.

கேஸ் தீ நீலமாக எரிகிறது. யாரும் அதற்கு அடியில் இல்லை. பழக்கத்தில் ஒவ்வொரு தடவையும் மூட்டும்போது தரையைப் பார்க்கிறேன்.

அத்தானை ஆபீஸில் அரை டிக்கெட் என்று கூப்பிடுகிறார்களாம். அவரும் அந்தப் பேருக்கே திரும்பிப் பார்க்கிறார். கன்டெய்னருக்குள் நுழைந்து சீல் பார்க்க இவர்தான் வசதியாம். பிடித்துத்தான் இருக்கிறது அவருக்கு.

நீ கேட்ட மற்றதற்கு அப்புறம் எழுதுகிறேன். பால் பொங்குகிறது.

சித்தப்பாவை இன்னொரு தடவை கேள், ஈவா. நயமாகக் கேள்.

உன் அக்கா
சந்தனச்செல்வி


அடுப்படிவிளை, கீழ்வீடு
ஜூலை 20

அக்காவுக்கு,

எல்லோரும் சுகமென்று நம்புகிறேன். அத்தையின் முழங்கால் எப்படி? இங்கு நாங்களும் சுகம். அப்பாவின் இருமல் இருக்கிறது. புதிதாக ஒன்றும் இல்லை.

இன்னொரு தடவை கேட்டேன். நயமாகத்தான். எழுந்து போய்விட்டார்.

பக்கத்துக் கீழ்வீட்டுப் பெர்சி குடும்பம் திருப்பூருக்குப் போய்விட்டது. அவர்கள் மேல்வீடு மாசியிலேயே பூட்டியாகிவிட்டது, உனக்குத் தெரியும். இப்போது கீழே நாங்களும், குகை வாய்க்குப் பக்கத்தில் ஹில்டா பெரியம்மாவும்தான். பெரியம்மாவின் மேல்வீட்டில் அடுப்பு எரிந்து வருஷக்கணக்காயிற்று. எங்கள் துளையின் இழுப்பில்தான் அவளும் மூச்சு விடுகிறாள். உன் ஒரு அடுப்புக்கு இப்போது ஊர் முழுவதும் பாத்தியம். ஊர் என்றால் மூன்று பேர்.

செந்தூர்வேல் மாமா சமையலைக் குறைத்துக்கொண்டார். குறையாகச் சொல்லவில்லை. தனி ஆள், எவ்வளவு சாப்பிடுவார். சாயங்காலம் சாத்தான்குளத்திலிருந்து புரோட்டா வாங்கி வருகிறார். நேற்று அப்பா துளைக்குக் கீழே நின்று கத்தினார்.

"வே செந்தூர்வேல்! உசுரோட இருக்கீரா?"

மேலிருந்து குரல்: "இருக்கேன் வே. ஒம்ம தொல்லை தாங்கலயே."

"என்ன வே, உலை வைக்கலியா?"

"புரோட்டா வாங்கிட்டேன்."

"புரோட்டாவ யாரு மூட்டுனா? அவனுக்குக் கீழ இருக்குறவனுக்குக் காத்து போவுது வே."

இருவரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் மாமா சுள்ளி ஒடிக்கிற சத்தம் கேட்டது. விளக்கு சாய்ந்தது. அப்பா அதைக் கேட்டு வாங்கவில்லை என்று என்னிடம் சொன்னார். விளையாட்டுக்குச் சொன்னாராம். "கேட்டு வாங்குனா அது தீ இல்லளா. பிச்சை."

பாளையங்கோட்டை விடுதியில் என்னோடு மலைக் குள்ளத்தி ஒருத்தி இருந்தாள். பாபநாசத்துக்கு மேலே எங்கோ. அவர்கள் மலைக்குத் தானாகக் காற்று வருமாம். வேண்டுமென்றால் வேண்டும், வேண்டாமென்றால் வேண்டாம், அதற்கு மேல் ஒரு சொல் பேசமாட்டாள். நம் வழக்கத்தை அவளுக்குச் சொன்னேன். மேல்வீட்டார் விளக்கு சாய்கிறதா என்று கேட்பார்கள், நாங்கள் சாய்கிறது என்போம், சாயவில்லை என்று சொன்னால் அது மேல்வீட்டை முகத்துக்கு நேரே குறை சொன்னதாகும், இதுவரை யாரும் சொன்னதில்லை.

"மூச்சு முட்டினா?"

"சாயுதுன்னுதான் சொல்லணும்."

அவள் சொன்னாள்: "நீங்க குள்ளர் இல்ல. பாதி அரையாளு. பேச்செல்லாம் இருக்கு. தேவையக் கேக்க மட்டும் வாய் இல்ல."

அன்று கோபம் வந்தது. இப்போது ஏன் இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

விளக்கு சாய்கிறது. நன்றாகவே.

ஈவா


முத்தையாபுரம்
ஆகஸ்ட் 26

ஈவாவுக்கு,

விளக்கு சாய்கிறதா? நீயும் சித்தப்பாவும் சுகமா? பதில் போட நாளாகிவிட்டது, மன்னித்துவிடு. அத்தைக்கு முழங்காலில் ஊசி போட்டார்கள். அதற்குள் ஆடி முடிந்து ஆவணி வந்துவிட்டது.

அத்தான் வந்து செந்தூர்வேல் மாமாவை அழைத்துக்கொண்டு வந்ததைப் பார்த்திருப்பாய். கண்ணில் புரை. இங்கே காட்டிவிட்டோம், ஆபரேஷனும் ஆகிவிட்டது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மந்திரி மாதிரி உட்கார்ந்திருக்கிறார். "கிருபாநிதி இல்லாம சண்டை போட ஆளு இல்லளா" என்று சித்தப்பாவை நினைத்துக்கொண்டே இருக்கிறார்.

வீட்டுக்கு ஆள் ஏற்பாடு செய்திருக்கிறது. இந்நேரம் வந்திருப்பார். அடுப்பு விஷயம் அத்தானிடம் சொல்லி அவர்களிடம் சொல்லச் சொன்னேன்.

முருங்கை காய்த்திருக்குமே. பறித்துக்கொள். யாரையும் கேட்க வேண்டாம். யாராவது ஏதாவது சொன்னால் நான் சொன்னேன் என்று சொல். இல்லாவிட்டால் விட்டுவிடு, முருங்கைக்காய்தானே.

கிணறு இனிக்கிறது.

செல்வி


அடுப்படிவிளை, கீழ்வீடு
செப்டம்பர் 8

அக்காவுக்கு,

மாமாவின் கண் தெளிந்ததா? அத்தைக்கு வலி குறைந்ததா? இங்கு சுகம்.

ஆள் வந்திருக்கிறார். நாசரேத்துப் பக்கத்து நெட்டையர், பெயர் நேசக்குமார். உன் முன்கதவில் பெரிய பூட்டு. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். நல்ல மாதிரி. மேலே போய்ப் பேசினேன்.

"மத்தியானம் என்ன சமையல் அண்ணாச்சி?"

"சமையலா? வீட்ல இருந்து தூக்குச்சட்டி வந்துரும் தங்கச்சி."

"டீ?"

"பிளாஸ்க்."

"குளிக்க வெந்நீர் போட வேண்டாமா?"

"இந்த வெயில்ல வெந்நீரா? நீங்க என்ன, சோப்பு விக்க வந்தீங்களா?"

முற்றத்தில் காய்ந்த ஓலை கிடந்தது. பாம்பு வரும், எரித்துவிடுங்கள் என்றேன். வெளியே எரித்தால் காற்றுக்குப் பறக்கும், அடுப்பில் வைத்து எரியுங்கள் என்றும் சொன்னேன். பாவம், பூட்டைத் திறந்து உள்ளே போய்ச் செய்தார். கீழே வந்தேன். சுடர் சாய்ந்து நின்றது. அப்பா எழுந்து உட்கார்ந்து, துளையைப் பார்த்து, "வே செந்தூர்வேல்! வந்துட்டீரா?" என்று ஒரு சத்தம் போட்டார்.

அடுப்புக்குள்ளிருந்து குரல் வந்தால் நெட்டையர் என்ன செய்வார்? பாத்திரம் உருண்ட சத்தம், கதவு மோதிய சத்தம், அப்புறம் ரோட்டில் ஓடுகிற சத்தம். அப்பா இருமும்வரை சிரித்தார். அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று.

மறுநாள் ஓலை கொண்டுபோனேன். நேசக்குமார் தயங்கினார். "சூப்பர்வைசர் திட்டுதாரு தங்கச்சி. உள்ள டீசல் கேன் அடுக்கி இருக்கு. தீயே கூடாதுங்காரு." எந்தச் சூப்பர்வைசர் என்று கேட்டேன். ஒரு கம்பெனி பெயர் சொன்னார். பெயர் மறந்துவிட்டது.

முருங்கைக்காய் பறிக்கவில்லை.

விளக்கு சாய்கிறது.

ஈவா


அடுப்படிவிளை, கீழ்வீடு
செப்டம்பர் 27

அக்காவுக்கு,

உன் கடிதம் வரவில்லை. தபால் தாமதமாக இருக்கும். எல்லோரும் சுகம்தானே?

இங்கே விசேஷம் இல்லை. எனக்குக் காலையில் தலைவலி. மேலே போய் வெயிலில் நின்றால் விட்டுவிடுகிறது. அப்பா நிறையத் தூங்குகிறார். கட்டிலைத் துளைக்கு நேர் கீழே இழுத்துப் போட்டுக்கொண்டார். ஹில்டா பெரியம்மா ஜெபப் புத்தகத்தைக் குகை வாயில் வைத்துப் படிக்கிறாள், எழுத்து அங்கேதான் தெரிகிறதாம். குள்ளத்திக்கு இருட்டில் எழுத்து தெரியாமல் போகுமா.

சாத்தான்குளத்தில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கி வந்தேன். துளையில் பொருத்தினேன். எங்களுக்குக் கரன்ட் மேல்வீட்டு லைனிலிருந்துதான். ஓடவில்லை. மீட்டர் பெட்டியையே கழற்றியிருக்கிறார்கள்.

குகை வாயில் பாய் போட்டுக்கொள்ளலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். "கதவுகிட்ட படுக்க நான் என்ன நாயா?" என்றார். கோபம் இல்லாமல் சொன்னார். கோபப்பட அவருக்கு மூச்சு போதவில்லை.

விளக்கு சாய்கிறது.

ஈவா


முத்தையாபுரம்
அக்டோபர் 6

ஈவாவுக்கு,

விளக்கு சாய்கிறதா? சித்தப்பா சுகமா? உன் இரண்டு கடிதமும் கிடைத்தது. தலைவலிக்குச் சுக்கு அரைத்துப் போடு.

ஒரு தடவை இங்கே வந்து போ. தசராக் கூட்டம் முடிந்ததும் வா, இப்போது குலசைக்குப் போகிற பஸ்ஸில் உன் உயரத்துக்கு நசுங்கிப்போவாய். உட்கார்ந்து பேசுவோம். கடிதத்தில் எல்லாம் வரவில்லை. கட்டாயம் வா.

உனக்குப் பிடிக்கும் என்று தட்டை சுடுகிறேன்.

கிணறு இனிக்கிறது.

செல்வி


அடுப்படிவிளை
நவம்பர் 4

அக்காவுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும்.

அப்பா போய்விட்டதை அத்தான் உன்னிடம் சொல்லியிருப்பார். தேரி மேட்டில் சிக்னல் கிடைக்கிற இடத்தில் நின்று போன் செய்தேன். அவர்தான் எடுத்தார். சொல்லிவிடுகிறேன் என்றார்.

அன்று நடந்ததில் பாதி உனக்குத் தெரியும். தெரிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன். எழுதினால்தான் எனக்கு அது நடந்தது போல இருக்கிறது.

அன்று உன்னிடம் கேட்கத்தான் தூத்துக்குடிக்கு வந்தேன். தட்டைக்கு இல்லை. பஸ் ஏரல் பாலத்தைத் தாண்டும்போதே சொல்ல வேண்டியதை வாயில் வைத்துக்கொண்டேன். விளக்கு சாயவில்லை அக்கா, யாரையாவது அடுப்பு மூட்டச் சொல். அவ்வளவுதான். தூத்துக்குடி வரும்வரை உதடு அசையாமல் சொல்லிப் பார்த்தேன்.

கதவைத் திறந்தது அத்தை.

"யாரு, ஈவாவா? வாளா, வாளா. என்னளா இப்பிடி வெளுத்துப் போய்ட்ட? விளக்கு சாயுதா?"

"சாயுது அத்தை."

செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் சொல்லிவிட்டேன். என் வாயை என்னால் பிடிக்க முடியவில்லை. வழுக்கி விழுகிற மாதிரி.

அப்புறம் சாப்பாடு. நீ வைத்துக்கொண்டே இருந்தாய். அத்தான் என் அருகில் உட்கார்ந்தார். "ஒங்க அப்பா பாறைய விட்டு வரமாட்டேங்காராமே. இங்க கூட்டிட்டு வாளா, லிஃப்ட்டுல கட்டிலப் போட்ருவோம். கதவ சாத்துனா பொந்து மாதிரிதான் இருக்கும், அவருக்குப் புடிக்கும்." எல்லோரும் சிரித்தார்கள். நானும். செந்தூர்வேல் மாமா கண்ணாடியைக் கழற்றிவிட்டு நீலம் பாரித்திருந்த என் நகத்தைப் பார்த்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நீ சிரிக்கவில்லை. ரசம் எடுக்க உள்ளே போய் வெகுநேரம் வரவில்லை.

பஸ் ஸ்டாப்புக்கு வந்தாய். நிழலில் நின்றோம்.

"ஈவா, அந்த வீடு..."

"சொல்லுக்கா."

"ஒண்ணுமில்ல. ரசத்துல உப்பு கூடிட்டோ?"

"இல்லக்கா, சரியாத்தான் இருந்துச்சு."

பஸ் வந்தது.

இறங்கி நடந்து குகைக்குள் வந்தேன். ஹில்டா பெரியம்மா குகை வாய்ப்பக்கம் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். அவளைத் தாண்டியதும் நடைபாதை விளக்கு அணைந்திருந்தது. எண்ணெய் இருந்தது. மறுபடி பற்றவைத்தேன். தீக்குச்சி பிடித்து, சுருங்கி, அணைந்தது.

அப்பா கட்டிலில் இல்லை. முக்காலியைத் துளைக்கு அடியில் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். சுவரில் சாய்ந்து, முகம் மேலே. வாய் திறந்திருந்தது. மாமாவைக் கூப்பிடப் போனவர் போல.

டாக்டர் வயது என்றார். ஆம் என்றேன்.

அடக்கத்துக்கு ஏரலுக்கும் நாசரேத்துக்கும் குடிபோன அரையாட்கள் சிலர் வந்தார்கள். துக்க வீட்டுக்கு மேல்வீடுதான் ஆக்கிப்போட வேண்டும். மேல்வீடு பூட்டியிருந்தது. எங்கள் சபைப் போதகர் ஐயர், கடையிலிருந்து எலுமிச்சஞ்சோறு பொட்டலம் வாங்க ஆள் அனுப்பினார். சாப்பிட்டுக் கை கழுவி வந்த ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, அவளுக்கும் வேறு சொல் தெரியாமல், "விளக்கு சாயுதா தாயி?" என்றாள்.

"இல்ல" என்றேன்.

எல்லோர் காதிலும் விழுந்தது. இல்லை என்றால் அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று வழக்கத்தில் இல்லை. யாருக்கும் யாரும் சொல்லித் தந்ததில்லை. அந்த அம்மா என் கையை விடவும் முடியாமல் பிடிக்கவும் முடியாமல் நின்றாள். கடைசியில், "ஒரு வாய் சாப்பிடேன்" என்றாள்.

நீ வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஈவா


முத்தையாபுரம்
நவம்பர் 22

ஈவாவுக்கு,

என்ன கேட்டு ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது? அதை மட்டும் கேட்கிறேன்.

அந்த வீடு எங்களுடையது இல்லை. நான் இங்கே வரும்போதே இல்லை. அளக்க வந்தவரின் ஆபீஸுக்கு அதைக் கொடுத்துத்தான் இது கிடைத்தது. இடம் முழுவதையும் எடுத்து மட்டம் செய்யப் போகிறார்கள், கன்டெய்னர் அடுக்க. வேலை தொடங்கும்வரை இருந்துகொள்ளச் சொன்னார்கள். அதனால்தான் மாமாவை விட்டுவிட்டு வந்தோம். சித்தப்பாவை அழைத்து வா என்று எழுதினேனே, ஏன் இப்படி அவசரப்படுகிறாய் என்று நீ கேட்பாய் என்று நினைத்தேன். அளவு நாடாவோடு வந்தவரைப் பற்றி நீ கேட்டதுதான் கேள்வி என்று எனக்குத் தெரியும். நான் பால் பொங்குகிறது என்று எழுதினேன். பொங்கவில்லை.

நீயும் சொல்லவில்லை ஈவா. ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டேன். ஒரே ஒரு தடவை சாயவில்லை என்று எழுதியிருந்தால், அந்தக் கடிதத்தைக் காட்டி அத்தானிடம் சண்டை போட்டிருப்பேன், அந்த ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்திருப்பேன். நீ எழுதவில்லை. சாய்கிறது என்று நீ எழுதும்போது பொய் என்று தெரிந்தது. தெரிந்தும் எனக்கு அது வசதியாக இருந்தது.

என் அம்மா உனக்கும் எனக்கும் ஒரே மடியில் பால் கொடுத்தாள். அவளிடம் நான் என்ன சொல்வேன்.

அடக்கத்துக்கு வந்தேன். ஏரல்வரை வந்தேன். தூக்குச்சட்டியில் சோறும் குழம்பும். கடைத்தெருவில் நின்றுகொண்டே இருந்தேன். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

இங்கே வந்துவிடு. அத்தான் ஆபீஸில் உனக்கு ஏதாவது வேலை பார்க்கலாம் என்கிறார். பின்பக்க அறை காலியாக இருக்கிறது. ஜன்னல் உண்டு.

செல்வி


அடுப்படிவிளை
டிசம்பர் 12

அக்காவுக்கு,

நான் சுகம். தலைவலி இல்லை. இப்போது குகை வாயில்தான் படுக்கிறேன். அத்தைக்கும் மாமாவுக்கும் என் விசாரிப்பு.

நீ ஏரல் கடைத்தெருவில் நின்றது தெரியும். பெர்சி அடக்கத்துக்கு வரும் வழியில் பஸ்ஸிலிருந்து பார்த்ததாகச் சொன்னான். அதை நான் எழுதாமல் விட்டேன். நீ எழுதட்டும் என்று. பார், அதிலும் அப்படித்தான்.

உன்னைக் குறை சொல்ல முயன்று பார்த்தேன். வரவில்லை. இது மன்னிப்பு என்று நினைக்காதே. எங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை, அவ்வளவுதான். உங்களிடமிருந்து முகம் கோணாமல் பேசக் கற்றோம். நீங்கள் கோணாத முகத்தோடு பேசியது வெறும் பேச்சு. நாங்கள் அதன்மேல் ஊரைக் கட்டிவிட்டோம்.

கிறிஸ்மஸ் கழிந்ததும் இயந்திரம் வருமாம். நேசக்குமார் சொன்னார். முதலில் குகை வாயை மூடுவார்களாம். அதற்குள் ஹில்டா பெரியம்மாவை மேலே கொண்டுபோக வேண்டும். தினமும் பேசுகிறேன்.

"பெரியம்மா, மூச்சு வாங்குதுல்லா?"

"இல்லளா. விளக்கு சாயுதுல்லா."

"விளக்கே ஏத்தலியே பெரியம்மா."

"ஏத்துனா சாயும்."

தூக்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று ஒருநாள் கையை வைத்தேன். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள். குள்ளத்தியின் பிடி உனக்குத் தெரியும். பிறகு தலையைத் தடவி, "ஒன் அப்பனுக்கு இல்லாத பயமா எனக்கு? கிறிஸ்மஸ் முடியட்டும்" என்றாள். கிறிஸ்மஸ் முடிந்தால் பொங்கல் முடியட்டும் என்பாள்.

மேலே குகை வாய்க்குப் பக்கத்தில் நானே ஒரு அடுப்பு மூட்டிப் பார்த்தேன். புகை உள்ளேதான் வந்தது. நாங்கள் வெட்டியது உங்கள் அடுப்புக்கு. வேறு எந்தத் தீயையும் இந்தப் பாறைக்குத் தெரியவில்லை.

உன் பின்பக்க அறைக்கு வருகிறேனா என்று கேட்டாய். பெரியம்மா வந்தால் வருவேன். அவள் வரமாட்டாள்.

பதில் போட வேண்டாம். தபால்காரர் இந்தப் பக்கம் வருவதை இந்த மாதத்தோடு நிறுத்துகிறார்.

ஈவா


ஈவாஞ்சலின் இந்தக் கடிதத்தை நாசரேத்தில் தபால் பெட்டியில் போட்டாள். பக்கத்துக் கடையில் இருவருக்கு இட்லி வாங்கினாள். தேரிக்குப் பாதை பிரியும் விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கி, செம்மணலில் நடந்து போய், குகைக்குள் இறங்கினாள்.